பட்டாளம் கேட்டு வாங்கிப்போன இரண்டாம் எதிரி

ஒரே காலையில், ஒரே தெருவில், ஒரே ஆளை நானும் என் மனைவியின் தம்பியும் அடித்தோம். போலீஸ் அதை ஒரே வழக்காகத்தான் எழுதியது. அதில் நான் முதல் எதிரி, அவன் இரண்டாம் எதிரி. எங்கள் வீட்டில் அவனுக்கு முன்னால் என் பெயர் வந்தது அந்தக் காகிதத்தில் மட்டும்தான்.

பாகிஸ்தான் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பெங்களூர்ப் பக்கம் முகாமில் இருந்தவன், நாயக் ஆகி, சட்டைக் கையில் இரண்டு பட்டை தைத்துக்கொண்டு லீவில் வந்திருந்தான். என் மனைவி அந்தச் சட்டையைத் தானே துவைத்து, பட்டை தெருப்பக்கம் தெரியும்படி கொடியில் போடுவாள். என் சட்டைகள் அதற்குப் பின்னால் காயும். அவன் வந்தால் கறிக்குழம்பு. அவன் இல்லாத நாளில் கறிக்குழம்பு வைத்தாலும், "இது தம்பிக்குப் புடிக்கும்" என்று சொல்லிக்கொண்டேதான் எனக்குப் பரிமாறுவாள். நான் தினமும் டைரி எழுதுகிறவன். அன்றன்று சாப்பிட்டதையும் எழுதுவேன். அதனால் இதெல்லாம் என் கற்பனை இல்லை என்று எனக்குத் தெரியும்.

புடவையின் நீள இழைகளைப் பாவு என்போம். பட்டுப் பாவைத் தறியில் ஏற்றும் முன் தெரு நீளத்துக்கு நீட்டி, இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, குறுக்கே குச்சிகள் விட்டு, அறுந்த இழைகளை முடிந்து சீர் செய்வோம். விடிந்ததும் தொடங்கி வெயில் ஏறுமுன் சுருட்டிவிட வேண்டும். அதுவரை தெரு எங்களுடையது. பால்காரர் சைக்கிளைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போவார். வண்டிகள் மூலையிலேயே திரும்பிச் சுற்றிப் போய்விடும். யாரும் பலகை எழுதி மாட்டியதில்லை. காஞ்சிபுரத்துக்கு வந்துபோகிற எல்லோருக்கும் தெரியும்.

கூரத்திலிருந்து வைக்கோல் கொண்டுவந்த வண்டிக்காரருக்கும் தெரியும். அன்று அவர் வைக்கோல் மேலேயே தூங்கிவிட்டார். மாடுகள் பழகிய வழியில் நேராக வந்துவிட்டன. வலது மாட்டின் கொம்பு பாவுக்கு அடியில் நுழைந்தது. மாடு தலையைத் தூக்கியது. பட்டு அறுகிற சத்தம் பெரிய சத்தமில்லை. ஆனால் எங்கள் தெருவில் அது எல்லா வீட்டுக்கும் கேட்கும்.

நான் ஓடிப்போய் வண்டிக்காரரின் துண்டைப் பிடித்துக் கீழே இழுத்து ஓர் அறை விட்டேன். அவர் வாயோரம் ரத்தம் வந்தது. அரைத் தூக்கத்தில் சாட்டைக் கையை உயர்த்தினார். பாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த என் மச்சான், குறுக்குக் குச்சி ஒன்றை உருவிக்கொண்டு வந்து அந்தக் கையில் ஒன்று போட்டான். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

அன்று முழுவதும் தெருவில் இதே பேச்சு.

"பட்டாளத்து அடிடா அது! ஒரே அடி. சாட்டை அந்தாண்ட போய் வியுந்துச்சு."

"மொதல்ல யாரோ அறைஞ்சாங்களே?"

"யாரோ அறைஞ்சாங்க. அத்த வுடு. இவரு அடிச்சாரு பாரு..."

யாரோ அறைந்தார்கள்! என் பாவு, என் வாசல், என் கை. பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டர் போலீசுக்கு எழுதினார். ஏட்டு வந்து எங்கள் இருவரையும் கூட்டிப்போனார். ஜாமீனில் விட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் என் மனைவி தம்பியின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஏதோ அவன் கை முறிந்ததுபோல.

மறுநாள் எல்லோரும் வக்கீல் வீட்டுக்குப் போனோம். நாற்காலியில் என் மாமனார், பெஞ்சில் மச்சான், அவன் பக்கத்தில் என் மனைவி. நான் கதவோரம் நின்றேன். வக்கீல் தாளை முழுவதும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், தம்பிக்குப் பட்டை போயிடுமா?" என்றாள் என் மனைவி.

"மொதல் எதிரி உங்க வீட்டுக்காரரும்மா."

"அவருக்கு என்னா சார்? தறிதான? தறியை யாரு புடுங்கிக்கினு போப்போறாங்க?"

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

பிறகு அவர் சொன்னதை அன்றைய டைரியில் அப்படியே எழுதிவைத்தேன். பட்டாளத்தான் ஊரில் செய்த குற்றமானாலும் அவனை விசாரிக்கப் பட்டாளத்துக்கும் அதிகாரம் உண்டு, ஊர்க் கோர்ட்டுக்கும் உண்டு. சண்டை இல்லாத காலத்தில் சாதாரண ஜனங்கள் மேல் செய்த கொலை மாதிரியான சில பெரிய குற்றங்கள்தான் ஊர்க் கோர்ட்டுக்கே போகும். இது அந்த வகை இல்லை. அதனால் மாஜிஸ்ட்ரேட் எடுத்தவுடன் விசாரிக்க முடியாது. இவனுடைய கமாண்டிங் ஆபீசருக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அவர் விட்டால் இங்கே நடக்கும். 'எங்கள் ஆளை எங்களிடம் கொடுங்கள்' என்று கேட்டால் கொடுத்துவிட வேண்டும்.

"எனக்கு?" என்றேன்.

"உமக்கு என்ன? நீர் இங்கதான்."

அந்தப் பதிலில் தப்பு ஒன்றுமில்லை. ஆனாலும் அது என்னை உறுத்தியது. நானும் அடித்தவன்தான். என்னை விசாரிக்க மாஜிஸ்ட்ரேட் யாரையும் கேட்க வேண்டியதில்லை. என்னை எங்களிடம் கொடுங்கள் என்று எழுத எனக்கு ஒருவரும் இல்லை. சட்டம்கூட அவனுக்குத்தான் நாற்காலி போட்டுக் காத்திருந்தது.

வக்கீல் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். "கூரத்து ஆளு நல்ல மனுஷன். தூங்கினது தன் தப்புன்னு அவரே சொல்றாரு. இங்க நடந்தா, கோர்ட் அனுமதியோட ராஜி போட்டு ரெண்டு பேரையும் வெளிய கொண்டாந்துடுவேன். பட்டையும் தப்பிக்கும். அங்க போனா ராஜி கீஜி கிடையாது. நாம கம்முனு இருந்தா, இந்தச் சின்ன விஷயத்துக்கு அவங்களும் கேக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறேன். கம்முனு இருங்க."

என் மாமனாருக்குக் கம்மென்று இருக்கத் தெரியாது. "எம் புள்ளைய வண்டிக்காரனுக்கு எதுர்ல கூண்டுல நிக்க வெக்கிறதா? அவங்க ஆளை அவங்க வுட்டுக் குடுப்பாங்களா, சார்? நானே போய்க் கேட்டுக்கினு வர்றேன்."

"நைனா, வாணாம்," என்றான் மச்சான். "அங்கெல்லாம் வராதீங்க. எங்க பெரிய ஐயா ஒரு மாதிரி."

"நீ சும்மா இரு. பெரிய மனுஷங்ககிட்ட எப்புடிப் பேசணும்னு எனக்குத் தெரியும்."

வீட்டுக்குப் போகும் வழியிலேயே முடிவாகிவிட்டது. மாமனார் வெறுங்கையோடு போகமாட்டார். கமாண்டிங் ஆபீசர் வீட்டு அம்மாவுக்கு ஒரு புடவை. அறுந்துபோன அதே பாவை முடிந்து, தறியில் ஏற்றி, முதல் புடவையாக அதை நான் நெய்ய வேண்டும்.

"வெறுங்கையோட போங்க மாமா," என்றேன். "வக்கீல் போகவே வாணாம்னாரு."

"மாப்ள, பெரிய வீட்டுக்கு வெறுங்கையோட போற குடும்பமா நாம? நாம நெய்யிறவங்க. நெய்ஞ்சதைக் கொண்டும்போறோம். இது லஞ்சமா?"

எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் லஞ்சமில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். டாக்டர் வீட்டுக்கும் கோயில் அதிகாரி வீட்டுக்கும் கல்யாணம் என்றால் புடவையோடுதான் போவோம். அதற்கு யாரும் வேறு பெயர் வைத்ததில்லை.

அரக்கு உடல், பச்சைக் கரை. அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து, முடிச்சு முகப்பில் விழாதபடி பார்த்துக்கொண்டேன். வேலையில் நான் குறை வைக்கிறவன் இல்லை, யாருக்காக இருந்தாலும். தறிக்குழியில் கால் விட்டு நெய்துகொண்டிருக்கும்போது என் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில் அப்படி உட்காருவாள். பிறகு விட்டுவிட்டாள். இப்போது தினமும் வந்தாள். மோர் கொண்டுவந்து வைத்தாள். ஒருநாள் விசிறிவிட்டாள்கூட. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முந்தானைக்கு வந்ததும், "அவ்ளோதான? நாளைக்கு அறுத்துடலாமா? நைனா சாயங்கால வண்டிக்குக் கெளம்பணும்னாரு," என்று கேட்டாள். அவள் என்னைப் பார்க்க வரவில்லை, புடவை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வந்தாள். அறுத்து இறக்கிய பிறகு அவள் தறிப்பக்கம் வரவில்லை.

மாமனார் புடவையை ஒரு மஞ்சள் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். அதே மஞ்சள் பையோடு, அதே புடவையோடு திரும்பி வந்தார்.

"வாங்கலையா நைனா?"

"வாங்கலை."

"இன்னா சொன்னாரு?"

"இங்கிலீஸ்ல சொன்னாரு. கூட ஒரு சுபேதார் நம்ம தமிழ் ஆளு. பெரியவரே, இத்த எடுத்துக்கினு சீக்கிரம் போயிடுங்கன்னாரு."

"கோவமா?"

"கோவம் என்னா கோவம்? காபி குடுத்தாங்க." மாமனார் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தார். "வாணாம்னு சொல்ற மனுஷன்தாம்மா நல்ல மனுஷன். நம்ம புள்ளைய அவரு பாத்துக்குவாரு."

மச்சான் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. அன்று அவன் கறிக்குழம்பைத் தொடவில்லை. மிச்சத்தை நான் சாப்பிட்டேன்.

வாய்தா அன்று கமாண்டிங் ஆபீசரின் கடிதம் கோர்ட்டுக்கு வந்திருந்தது. எங்கள் ஆளை எங்கள் கோர்ட் விசாரிக்கும், ஒப்படையுங்கள் என்று. கூடவே ஒரு ஹவில்தாரும் ஒரு சிப்பாயும் வந்திருந்தார்கள். இரண்டு பேரும் காலைத் தட்டி ஒரு சல்யூட் வைத்தார்கள். சப் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் அதற்கு முன் அப்படி ஒரு சத்தம் கேட்டிருக்காது. வேறு வழக்குக்கு வந்தவர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். மாஜிஸ்ட்ரேட் கையெழுத்துப் போட்டார். மச்சான் கூண்டிலிருந்து இறங்கி, தோள்களை நிமிர்த்திக்கொண்டு, இரண்டு பேருக்கும் நடுவில் நடந்து போனான். பட்டை இரண்டும் சட்டைக் கையில் அப்படியே இருந்தன.

பின்னாலேயே மாமனார், என் மனைவி, தெருக்காரர்கள், யாரென்றே தெரியாதவர்கள், எல்லோரும் ரயிலடிக்குப் போய்விட்டார்கள். என் மனைவி கையில் டிபன் கேரியர் இருந்தது. எனக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறாள் என்று காலையில் நினைத்திருந்தேன்.

கூண்டில் நான் மட்டும் நின்றேன். வக்கீல் ராஜி மனுவை நீட்டினார். கூரத்து வண்டிக்காரர் கைக்கட்டோடு முன்னே வந்தார்.

"சம்மதமா?" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

"சம்மதம் சாமி. எம் மேலயும் தப்பு கீது. நான் தூங்கிட்டேன். அந்தப் பட்டாளத்துக்காரரையும் மன்னிச்சிட்டேன் சாமி."

"அவர் கேஸ் இப்ப இங்க இல்லை. இவரை மட்டும் சொல்லும்."

"இவரையும்தான்."

நான் விடுதலையானேன். வெளியே வந்தபோது எனக்காகக் காத்திருந்தது என் செருப்பு ஜோடி மட்டும்தான். வண்டிக்காரர் பின்னாலேயே வந்து, டீ சாப்பிடலாமா என்றார். நாங்கள் போனோம். அவரால் சூடான கிளாசை இடது கையால் சரியாகப் பிடிக்க முடியவில்லை. அவருக்கு ஆற்றிக் கொடுத்தேன்.

"நீங்க அறைஞ்சதுதாங்க எனக்கு ரொம்ப நாள் வலிச்சுது," என்றார். "பல்லு ஒண்ணு இன்னும் ஆடிக்கினே இருக்குது."

அந்த வழக்கில் என்னைப்பற்றி ஒருவர் சொன்ன ஒரே மரியாதையான வார்த்தை அது.

பிறகு அவரையும் பட்டாளம் சாட்சிக்குக் கூப்பிட்டது. காசில்லாமல் போய்வர ரயில் வாரண்ட் வந்தது. போய்விட்டு வந்து, சொல்லாமல் இருக்க முடியாமல் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். என் மனைவி அவருக்குப் பலகை போட்டாள். தம்பியைப் பார்த்துவிட்டு வந்தவர் அல்லவா அவர்.

"ரொட்டி, கறி, பெரிய லோட்டாவுல டீ. படுக்கக் கட்டில் குடுத்தாங்கம்மா! என்னிய யாருமே ஒரு வார்த்தை ஏன்டான்னு கேக்கலை."

"தம்பி எப்புடி இருக்குது?"

"தொப்பியை எடுத்துட்டாங்க. நட்டமா நிக்கிறாரு. பெரிய ஐயா ஒருத்தருதான் தீர்ப்பு சொல்றவரு. கூட ரெண்டு ஆபீசருங்க சும்மா உக்காந்துக்கினு இருந்தாங்க. நான் சொன்னேம்மா. மன்னிச்சிட்டேன் சாமி, வுட்டுடுங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். அவரு சொன்னதைத் தமிழ்ல சொன்னாங்க. உம்ம மன்னிப்பு நல்லதுதான், எழுதிக்கறோம், ஆனா இந்தக் கை உம்மை மட்டும் அடிக்கலை, இந்தச் சட்டை போட்டவன் கை அதுன்னாரு. எனக்குப் புரியலை. அடிபட்டவன் நானு. நானே வாணாங்கறேன், அவரு வுடமாட்டேங்கறாரு."

எனக்குப் புரிந்தது. புரிந்ததும் வயிறு எரிந்தது. என் கையில் அடிபட்டால் அது அடிபட்டவருக்கும் எனக்கும் நடுவே உள்ள சங்கதி. அவர் விட்டால் தீர்ந்தது. அவன் கை அப்படியில்லை. ஒரு முழுப் பட்டாளம் அதைத் தன் கையென்று சொல்கிறது. அதற்காக வருத்தப்படுகிறது, கோபப்படுகிறது. என்னைச் சாட்சிக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை.

தீர்ப்பைப் பட்டாளம் இங்கே மாஜிஸ்ட்ரேட்டுக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டுமாம். வந்ததும் கோர்ட் குமாஸ்தா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரே காகிதக் கட்டுக்குள் இரண்டு முடிவும் இருந்தன.

"உமக்கு ஒரு வரி," என்றார், விரலால் காட்டி. "ராஜியில் விடுதலை. அவருக்குப் பாரும், ரெண்டு பக்கம் டைப் அடிச்சு முத்திரை குத்தி அனுப்பிச்சிருக்கான். என்ன அழகா அடிச்சிருக்கான் பாரும்!"

அந்த இரண்டு பக்கத்தின் சாரம் இதுதான். சில வாரம் பட்டாளத்துக் காவல். நாயக் பதவி பறிப்பு. மறுபடி சிப்பாய்.

வீட்டில் போய்ச் சொன்னபோது என் மாமனார், "வக்கீல் சரியா சொல்லலை," என்றார். என் மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்று ராத்திரி சோறு மட்டும் இருந்தது, குழம்பு இல்லை. நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

அடுத்த லீவுக்கு அவன் வர வெகுநாள் ஆயிற்று. வந்த அன்று காலையில் தெருவில் எங்கள் பாவு நீட்டியிருந்தது. அவன் டிரங்குப் பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு, உடுப்போடு வந்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த ஆளை நகரச்சொல்லித் தானே பிடித்துக்கொண்டான். வெயில் ஏறுமுன் சுருட்டி முடித்தோம். இரண்டு பேரும் பாவைத் தோளில் சுமந்து உள்ளே வரும்போதுதான் அவனாகச் சொன்னான்.

"பெரிய ஐயா என்னிய இங்கயே வுட்டுடலாம்னுதான் இருந்தாராம் மாமா. ஊர்க் கோர்ட்டே பாத்துக்கட்டும்னு லெட்டர்கூட அடிக்கச் சொல்லிட்டாராம். சுபேதார் சொன்னாரு. அப்புறம் நைனா புடவையோட போய் நின்னாரு."

"அதுக்காகவா கேட்டாரு?"

"அதுக்கப்புறம் வுட்டா என்னா ஆவும்? இங்க ராஜியாயி நான் பட்டையோட திரும்பிப் போனா, புடவை வாங்கிக்கினு வுட்டுட்டான்னு முகாம் பூராச் சொல்லுவாங்க. அதனால கூப்புட்டு, எல்லாரும் பாக்க விசாரிச்சாரு. அவரு மேல தப்பு இல்ல மாமா."

"நைனாகிட்ட சொன்னியா?"

"நீங்களும் சொல்லாதீங்க."

நான் சொல்லவில்லை. மாமனார் போன வருடம் காலமானார். அதனால் இப்போது எழுதுகிறேன்.

அந்தப் புடவை என் மனைவியின் பெட்டியில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து அந்த வருடம் நான் நெய்ததில் அதுதான் சிறந்தது. முடிச்சு எங்கே இருக்கிறது என்று எனக்கே தேடித்தான் காட்ட முடியும். ஒரு தடவை நீ உடுத்திப் பாரேன் என்றேன். "தம்பிக்குப் பொண்ணு பாத்ததும் அதுக்குக் குடுக்கணும்," என்றாள்.

அவன் வந்த அன்றைய டைரியில் கடைசியாக எழுதியிருப்பது இது. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் கூடத்தில் படுத்துத் தூங்கிவிட்டான். கழற்றிய சட்டையை என் மனைவி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில், பட்டை இருந்த இடத்தில் மட்டும் துணி வெளுக்காமல், இரண்டு கோணமாகப் பச்சை கறுத்துத் தெரிந்தது. பிரித்த தையலின் ஊசித் துளைகள் ஓரங்களில் வரிசையாக இருந்தன. அவள் விரலால் அந்தத் துளைகள் மேல் மெல்லத் தடவிக்கொண்டே போனாள், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, பிறகு அடுத்த பட்டைக்கு. நான் தறியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குறுக்கிழை ஓட்டும் நாடாவைப் போட மறந்திருந்தேன்.

"இன்னா, தறி சத்தத்தையே காணோம்?" என்றாள், தலை நிமிராமல்.

"ஒண்ணுமில்ல," என்றேன்.

"மெதுவாப் போடுங்க. தூங்குது."